சர்க்கரை காட்டும் பேண்ட் வேண்டாம். காலடியைச் சரியாக எண்ணும் பேண்ட் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளியும் அதையொட்டி கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடும் நாளும் நெருங்கும்போது, தமிழக-கேரள எல்லையில் உள்ள எங்கள் கம்பம், கூடலூர், குமுளி செல்போன் கடைகளில் கையில் கட்டும் ஃபிட்னெஸ் பேண்டுகள் குவிந்துவிடும். முதல் முறையாக வாங்குபவர்கள் பெரும்பாலும் பெட்டியின் முகப்பைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். எந்தப் பெட்டியில் அதிக வசதி அச்சாகியிருக்கிறதோ அதுவே நல்லது என்ற எண்ணம். அந்த வரிசையில் ‘ரத்த அழுத்தம்’, ‘ரத்த சர்க்கரை’ என்ற இரண்டு சொற்கள் இருந்தால் வீட்டுப் பெரியவர்களுக்கென்று உடனே வாங்கிவிடுகிறார்கள். இதை மாற்ற வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

இந்த பேண்டுக்குள் இருப்பது என்ன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். அசைவை உணரும் சிறு சில்லு ஒன்று. கை முன்னும் பின்னும் மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைவதை அது கவனிக்கிறது. அடிப்பக்கத்தில் பச்சை விளக்கும் அதன் அருகில் ஒளியை வாங்கும் கண்ணும் இருக்கும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித்துடிப்பு. ஆக்சிஜன் அளவு காட்ட வேண்டுமானால் சிவப்பு விளக்கும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கும் கூடுதலாக வேண்டும். பெரும்பாலான பேண்டுகள் நேரடியாக அளப்பது இவ்வளவுதான். தூரம், கலோரி, தூக்கம், மன அழுத்தம் எல்லாம் இவற்றை வைத்துப் போடும் கணக்கு.

சர்க்கரையை இந்த விளக்குகளால் அளக்க முடியாது. தோலைத் துளைக்காமல் ரத்த சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் கடிகாரம், மோதிரம் எதையும் நம்ப வேண்டாம், அப்படி எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாக அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் பகிரங்கமாக எச்சரித்தது. முழங்கைக்கு மேலே ஒட்டி சுமார் 14 நாள் வைத்துக்கொள்ளும் சென்சார் வேறு வகை. அதில் மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியில் போகிறது. அது மருத்துவர் சொல்லி வாங்க வேண்டிய கருவி. சில கடிகாரங்கள் அந்தச் சென்சார் அனுப்பும் எண்ணைத் திரையில் காட்டும். கடைக்காரர்கள் சிலர் இதையும் அதையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் குழப்பம். மலிவு பேண்டில் வரும் சர்க்கரை எண், வயது, எடை, நாடித்துடிப்பு போன்றவற்றிலிருந்து ஊகித்துப் போடுவது. இன்சுலின் போடும் ஒருவர் அந்த எண் 240 என்று காட்டுகிறதே என்று ஊசியைக் கூட்டிப் போட்டால் லோ சுகரில் மயங்கி விழக்கூடும். 110 காட்டுகிறதே என்று மாத்திரையை விட்டால் அதுவும் ஆபத்து. இதைவிடக் கவலைப்பட வேண்டிய விஷயம் இந்த வியாபாரத்தில் வேறெதுவும் இல்லை.

ரத்த அழுத்தமும் ஏறக்குறைய இதே கதை. பெரிய நிறுவனங்களின் சில கடிகாரங்களில் இந்த வசதி உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அவற்றிலும் பலவற்றில், கைப்பட்டை வைத்த பிபி மெஷினால் முதலில் அளந்து அந்த எண்ணை ஏற்ற வேண்டும். சாம்சங் கடிகாரத்தில் 28 நாளுக்கு ஒரு முறை அதைத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பேண்ட் எதையும் ஏற்றச் சொல்லாமல் கட்டியவுடனே 120/80 என்று காட்டினால் அதை நம்ப ஒரு காரணமும் இல்லை. அந்தக் காசில் மேல்கையில் சுற்றும் பிபி மெஷின் ஒன்று வாங்கி வீட்டில் வைப்பது எவ்வளவோ மேல். பெட்டி முகப்பில் பெரிய எழுத்தில் பிபி என்று போட்டிருப்பவர்களே உள்ளே இருக்கும் கையேட்டில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். காசு கொடுக்கும் முன் அந்தத் தாளைப் பிரித்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இனி நம் பகுதிக்கே உரிய சிக்கல்கள். விடியற்காலையில் கம்பத்திலிருந்து கம்பமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் போடியிலிருந்து போடிமெட்டு வழியாகவும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறிப் போகிறவர்கள் நிறையப் பேர். ஜீப் குலுங்கும்போது கம்பியைப் பிடித்த கையும் சேர்ந்து குலுங்கும். பேண்ட் அதைக் காலடி என்று எண்ணிவிடும். குண்டும் குழியுமான சாலையில் டூவீலர் ஓட்டினாலும் அப்படியே. தேயிலைக் கொழுந்து பறிப்பவர்கள் நின்ற இடத்தில் நின்று கையை விரைவாக ஆட்டுகிறார்கள். அதிலும் பொய்க் காலடி சேரும். இதற்கு நேர்மாறாக, தலையில் மூட்டையோ புல்லுக்கட்டோ வைத்து இரு கையாலும் பிடித்து நடப்பவருக்கு கை வீச்சே இல்லை. அவர் ஒரு கிலோமீட்டர் நடந்தாலும் பேண்டில் கொஞ்சம்தான் ஏறும். இது பேண்டின் பழுது என்று சொல்ல முடியாது. காலை அது பார்ப்பதே இல்லை, கையைத்தான் பார்க்கிறது. ஆகவே, ஜீப்பில் ஏறும்போது எண்ணைக் குறித்துக்கொண்டு இறங்கும்போது மறுபடி பாருங்கள். கூடியது எவ்வளவோ அவ்வளவும் பொய். இருபது முப்பது கூடினால் பரவாயில்லை. நூற்றுக்கணக்கில் ஏறியிருந்தால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பேண்டைக் கட்டிக்கொண்டு வாய்க்குள் எண்ணியபடி 100 காலடி இயல்பாக நடக்க வேண்டும். 95-லிருந்து 105-க்குள் காட்டினால் சரி. பத்தே பத்து காலடி நடந்துவிட்டு ‘ஏறவே இல்லையே’ என்று பலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள். பல பேண்டுகள் தொடர்ந்து பத்துக்கும் மேற்பட்ட காலடி வந்த பிறகுதான் இது நடைதான் என்று உறுதி செய்து மொத்தமாகச் சேர்க்கும். சும்மா கையை ஆட்டுவதை எண்ணாமலிருக்க அந்த ஏற்பாடு. அது நல்ல பேண்டின் அடையாளம்.

தூரத்தை எப்படிப் போடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜிபிஎஸ் இல்லாத பேண்ட், நாம் கொடுத்த உயரத்தை வைத்து ஒரு எட்டின், அதாவது ஒரு காலடி வைப்பின், நீளத்தை ஊகிக்கிறது. ஏறக்குறைய உயரத்தில் 0.41 பங்கு. 165 செ.மீ. உயரமானவருக்கு ஓர் எட்டு 68 செ.மீ. சமதளத்தில் இது ஓரளவு பொருந்தும். மலையேறும்போது எட்டு சுருங்கும். அப்போது பேண்ட் தூரத்தைக் கூட்டிக் காட்டும். நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கிலோமீட்டர் கல் வரை ஓரமாக நடந்து காலடியை எண்ணுங்கள். 1,400 வந்தால் உங்கள் எட்டு 71 செ.மீ. செயலியில் எட்டின் நீளத்தைக் கேட்கும் இடம் இருந்தால் அதைப் போடுங்கள். அந்த இடமே இல்லாத செயலி என்றால் தூரத்தை விட்டுவிட்டுக் காலடியை மட்டும் பாருங்கள்.

கலோரி எண்ணையும் அதிகம் நம்ப வேண்டாம். 2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். நாடித்துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மோசமானது 93 சதவீதம். ‘இன்று 400 கலோரி எரித்துவிட்டேன், இரண்டு பரோட்டா சேர்த்துச் சாப்பிடலாம்’ என்று கணக்குப் போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஜிபிஎஸ் விஷயத்தில் இரண்டு வகை. பேண்டிலேயே ஜிபிஎஸ் இருப்பது ஒன்று. போனின் ஜிபிஎஸ்ஸை வாங்கிக் காட்டுவது மற்றொன்று. இரண்டையுமே பெட்டியில் ‘ஜிபிஎஸ்’ என்றுதான் போட்டிருப்பார்கள். ‘கனெக்டட்’ என்ற சொல் முன்னால் இருந்தால் போனையும் கூடவே எடுத்துப் போனால்தான் பாதை பதியும். மலைப்பாதையில் டவர் கிடைக்காத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது, டவர் வேண்டியதில்லை. இணையம் இல்லாவிட்டால் முதலில் இடத்தைக் கண்டுபிடிக்கச் சில நிமிடம் கூடுதலாகும், அவ்வளவே. ஆகவே திறந்த வெளியில் நின்று இடம் பிடித்த பிறகு நடக்கத் தொடங்குங்கள். அடர்ந்த மரங்களுக்குக் கீழும் செங்குத்துப் பாறையை ஒட்டியும் பாதை வளைந்து நெளிந்து பதியும். கொண்டையூசி வளைவுகளை வெட்டிவிட்டு நேர்க்கோடாகவும் போட்டுவிடும். நடைப்பயிற்சிக்கு மட்டும் என்றால் இந்த வசதிக்காகக் கூடுதல் பணம் தேவையில்லை என்பதே என் கருத்து. ஏற்றத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் காற்றழுத்தமானி உள்ளதா என்று கேளுங்கள். மூன்று மீட்டர் ஏறினால் ஒரு மாடி என்று அது கணக்கிடும். நூறு மீட்டர் ஏற்றம் 33 மாடி. மழை இறங்கி காற்றழுத்தம் திடீரென மாறும் நாளில் உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு மாடி கூடலாம்.

தண்ணீர். தென்மேற்குப் பருவமழையில் இந்தப் பக்கம் சாரலிலேயே மாதங்கள் ஓடும். சுருளி அருவிக்கும் போகாமல் இருக்க மாட்டோம். பெட்டியில் தண்ணீர் தாங்கும் அளவைச் சொல்லும் குறியீடு இருக்கும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில், அசையாத நல்ல தண்ணீரில், 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். அருவி வேகமாகக் கொட்டும்போது ஏற்படும் அழுத்தம் அந்தச் சோதனையில் இல்லை. 5 ஏடிஎம் (அதிக நீரழுத்தம் தாங்கும் குறியீடு) என்றிருந்தால் நீச்சலுக்கும் மழைக்கும் போதும். அதையும் அருவிக்கு நேரடியாகக் காட்டாதீர்கள். சோப்பும் வெந்நீரும் உள்ளேயிருக்கும் ரப்பர் அடைப்பைக் கெடுக்கும். குளிக்கும்போது கழற்றி வைப்பது பேண்டுக்கும் நல்லது, தோலுக்கும் நல்லது.

நாடித்துடிப்பு தவறாக வருவதற்குப் பெரும்பாலும் கட்டும் விதம்தான் காரணம். மணிக்கட்டு எலும்பின் மேலேயே கட்டக் கூடாது. அதிலிருந்து ஒரு விரல் அகலம் முழங்கைப் பக்கமாகத் தள்ளி, ஒரு விரல் நுழையும் அளவு இறுக்கத்தில் இருக்க வேண்டும்; வேகமாக நடக்கும்போது ஒரு துளை கூட்டிக்கொள்ளலாம். வளையல், காப்பு, கயிறு கட்டிய கையில் பேண்ட் நழுவி விளக்குக்கும் தோலுக்கும் இடையே வெளிச்சம் புகும். மறு கைக்கு மாற்றிவிட்டு, எந்தக் கை என்று செயலியிலும் மாற்றுங்கள். தளர்வாகக் கட்டியிருந்தால் இன்னொரு கோளாறும் நடக்கும்: விளக்கு துடிப்பைத் தவறவிட்டு நடையின் தாளத்தைத் துடிப்பாக எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 120 காலடி வைக்கிறீர்கள், துடிப்பும் சரியாக 120 என்றே நிற்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். நின்று, கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் உண்மை தெரிந்துவிடும். வண்டன்மேடு, மூணாறு பக்கம் மார்கழிக் குளிரில் கை விறைத்திருக்கும்போதும் தோலுக்கு வரும் ரத்தம் குறைந்து எண் தாறுமாறாக வரும். கையைத் தேய்த்துச் சூடாக்கிப் பாருங்கள். பட்டைக்கடியில் வியர்வையும் சோப்பும் தங்கினால் அரிக்கும். தினமும் கழுவி, நன்றாக உலர்த்திக் கட்ட வேண்டும்.

கடையில் கேட்க வேண்டிய மற்றவை. உங்கள் போனிலேயே செயலியை ஏற்றி இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய ஆண்ட்ராய்டு என்றால் செயலி ஏறாமல் போகலாம். அங்கேயே ஒருவரைத் தமிழில் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பச் சொல்லிப் பாருங்கள். சில பேண்டுகளில் தமிழ் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாக வரும், சிலவற்றில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். மலையாளத்துக்கும் இதே நிலை. எல்லையில் இரண்டு மொழியும் புழங்குகிறவர்கள் இரண்டையுமே சோதிக்க வேண்டும். சார்ஜர் ஒவ்வொரு மாடலுக்கும் தனி. காந்தத்தில் ஒட்டும் அந்தச் சிறு வயர் தொலைந்தால் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று முதலிலேயே கேளுங்கள். அது கிடைக்காததால் நல்ல பேண்டும் அலமாரியில் கிடப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். பட்டை அறுந்தால் மாற்றுவதற்கும் இதே கேள்வி.

14 நாள் பேட்டரி என்பது பல வசதிகளை அணைத்து வைத்துச் சொல்லும் கணக்கு. துடிப்பை நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்க வைத்து, திரையையும் எப்போதும் எரிய விட்டால் பாதிகூட வராது. வாங்கிய இரண்டாம் வாரத்தில் ‘போனுக்கு விவரம் போகவில்லை’ என்ற புகார் வரும். பெரும்பாலும் போன் தன் பேட்டரியை மிச்சப்படுத்த அந்தச் செயலியை நிறுத்தியிருக்கும். போன் அமைப்பில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

பெட்டியில் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டால் தயாரித்தவர் விவரம் வரும். கையில் எந்நேரமும் ஒட்டியிருப்பது லித்தியம் பேட்டரி. அந்த எண் இல்லாத சரக்கைத் தொடவே வேண்டாம். குமுளியில் வாங்கினாலும் கம்பத்தில் வாங்கினாலும் பில்லில் மாடலும் தேதியும் இருக்கட்டும். சர்வீஸ் சென்டர் தேனியிலா, மதுரையிலா, கோட்டயத்திலா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பழையதை வாங்கினால் முன்பு வைத்திருந்தவர் தன் கணக்கிலிருந்து விடுவித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் போனில் இணையாமல் போகலாம்.

எவ்வளவு நடக்க வேண்டும் என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். 10,000 காலடி என்பது மருத்துவர்கள் வகுத்த எல்லை அல்ல. 1965-இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் தன் நடைமானிக்கு ‘பத்தாயிரம் காலடி மானி’ என்ற பொருளில் ‘மான்போ-கே’ என்று பெயர் வைத்து விற்றது, அங்கிருந்து பரவியது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. ‘மிதம்’ என்றால் பேச முடியும், பாட முடியாது. தோட்டத்தில் நாள் முழுக்க மேடேறி இறங்குகிறவருக்கு பேண்ட் சொல்லும் இலக்கு எதற்கு? அவருக்கு வேண்டியது ஓய்வும் உறக்கமும். உறக்கத்தைப் பொறுத்தவரை எப்போது படுத்தோம், எப்போது எழுந்தோம் என்பதை பேண்ட் நன்றாகவே சொல்லும். ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று பிரித்துக் காட்டுவது ஊகம். மூளை அலையைப் பதிவு செய்தால்தான் அது தெரியும்.

சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். மலையேற்றத்தில் துடிப்பைக் கவனிக்க பேண்ட் உண்மையிலேயே உதவும். 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு ஏறக்குறைய வரும்: 45 வயதுக்காரருக்கு 175. மிதமான உழைப்பு என்பது அதில் 50 முதல் 70 சதவீதம், அதாவது 88 முதல் 122. நீலிமலை ஏற்றத்தில் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் உட்கார்ந்துவிட்டு ஏறுங்கள். பிபிக்காகவோ இதயத்துக்காகவோ மெட்டோப்ரோலால், அட்டெனலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்த மாத்திரைகள் துடிப்பையே அடக்கி வைக்கும். அவர்கள் மருத்துவரிடம் கேட்டு எல்லையை வைத்துக்கொள்ள வேண்டும். நெஞ்சை அடைத்தால், இடது கை வலித்தால், வியர்த்துக் கொட்டினால் பேண்டைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஏற்ற வழியிலேயே அவசர மருத்துவ மையங்களும் ஆக்சிஜன் நிலையங்களும் வைத்திருக்கிறார்கள், அங்கே போய்விட வேண்டும்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் தயக்கம் இருந்தால், வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் சட்டைப் பையில் போனை வைத்து நடந்து பாருங்கள். இன்றைய போன்கள் தாமாகவே காலடியை எண்ணும். சேலையில் பை கிடையாது, போன் கூடையிலோ பையிலோதான் கிடக்கும். ஆகவே பெண்களுக்கு பேண்டின் பயன் ஆண்களைவிட அதிகம். முதல் பேண்டுக்கு இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் ரூபாய் போதும். காலடி, துடிப்பு, 5 ஏடிஎம், வெயிலில் தெரியும் திரை, தனியே கிடைக்கும் சார்ஜர்: இவை ஐந்தும் இருந்தால் வாங்கலாம்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘ஊசி இல்லாமல் சர்க்கரை பார்க்கலாம்’ என்ற வரியுடன் வரும் கடிகார விளம்பரத்தைத் தங்கள் நாளிதழ் ஏற்காமலிருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைக் குற்றமாகவே பார்க்கிறது. அப்படி ஏமாந்தவர்கள் பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் தரலாம் என்பதையும் ஒரு கட்டச் செய்தியாக, மாலை போடும் நாளுக்கு முன்பே வெளியிட்டால் எல்லைக்கு இந்தப் பக்கத்தவருக்கும் அந்தப் பக்கத்தவருக்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர்,
கூடலூர், தேனி மாவட்டம்